சுமை எந்தத் தோளில்?

பலர் சேர்ந்து எழுதும் மென்பொருளில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதைப் பிசகாமல் குறித்துவைத்து, வேண்டியபோது பழைய நிலை எதையும் மீட்டுத் தரும் கருவிக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் என்று பெயர். நிரல்களும் அவற்றின் முழு மாற்ற வரலாறும் சேர்த்து வைக்கப்படும் இடம் களஞ்சியம் எனப்படும். அந்தக் களஞ்சியத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பயனர்கள் தத்தம் கணினிகளிலிருந்து விடுக்கும் கோரிக்கைகளுக்கு விடையளிக்கும் பொதுக்கணினியே வழங்கி, பேச்சுவழக்கில் சர்வர். கிட், சப்வெர்ஷன், மெர்க்குரியல், பெர்ஃபோர்ஸ் ஆகியவை இத்துறையில் பரவலாக அறியப்பட்ட பெயர்கள். இவற்றுள் எது வேகமானது என்று கேட்கப்படும்போதெல்லாம் விநாடிக் கணக்குகள் நிரம்பிய ஓர் அட்டவணை முன்வைக்கப்படுகிறது. அத்தகைய அட்டவணைகளில் பெரும்பாலானவை ஒப்பிடத் தகாதவற்றை ஒப்பிடுகின்றன.

கமிட் என்னும் செயலையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாற்றத் தொகுதியை வரலாற்றில் நிலையாகப் பதிவதே கமிட். சப்வெர்ஷனில் அது வழங்கியோடு நடக்கும் ஒரு பரிவர்த்தனை: மாறிய பகுதிகள் வலையமைப்பின் வழியே சென்று சேர, வழங்கி அவற்றைச் சரிபார்த்து, புதிய எண்ணிட்டு, வட்டில் எழுதிய பிறகே பயனருக்கு விடை வருகிறது. கிட்டிலோ கமிட் என்பது பயனரின் மடிக்கணினிக்குள்ளேயே முடிந்துவிடும் வேலை; வழங்கிக்கு அது நடந்ததே தெரியாது. இவ்விரண்டின் நேரங்களையும் அருகருகே வைத்துக் கிட் பல மடங்கு வேகம் என்று முடிவுகட்டுவது, தபால் நிலையம் சென்று பதிவுத்தபால் அனுப்பி ரசீதுடன் திரும்பியவரையும், வீட்டிலிருந்தபடியே கடிதம் எழுதி முடித்தவரையும் ஒரே பந்தயத்தில் ஓடவிடுவதை ஒக்கும். சப்வெர்ஷன் கமிட்டுக்கு நிகராகக் கிட்டில் இருப்பது, உள்ளூரில் சேர்ந்த கமிட்டுகளை வழங்கிக்கு அனுப்பும் புஷ் என்னும் செயல்தான்.

வரலாற்றைச் சேமித்து மீட்பதற்கான உழைப்பு எந்த மென்பொருளிலும் மறைந்துவிடுவதில்லை. எழுதும்போது செய்யாமல் விட்டதைப் படிக்கும்போது செய்ய நேர்கிறது. வழங்கி தட்டிக்கழித்ததைப் பயனரின் கணினி ஏற்கிறது. அன்றாடம் செய்யாததை ஓரிரவில் மொத்தமாகச் செய்ய வேண்டிவருகிறது. ஐம்பது ஆண்டுகளில் தோன்றிய ஒவ்வொரு மென்பொருளும் இந்தச் சுமையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றியதே அன்றி இறக்கி வைத்ததில்லை. எனவே வேகத்தை ஒப்பிடுவோர் முதலில் கேட்க வேண்டியது யார் சுமக்கிறார்கள் என்பதையே.

பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்ட் 1972ஆம் ஆண்டளவில் உருவாக்கிய எஸ்சிசிஎஸ் இவ்வகையில் முன்னோடி. அது ஒரு கோப்பின் எல்லாப் பதிப்புகளின் வரிகளையும் ஒரே கோப்பில், நெசவில் ஊடையும் பாவும் போலக் கலந்து வைத்து, எந்த வரி எந்தப் பதிப்பில் நுழைந்தது, எதில் நீங்கியது என்ற குறிகளை இடையிடையே பொறித்தது. இதனால் எந்தப் பதிப்பை மீட்பதற்கும் ஒரே அளவு நேரம் பிடித்தது. ஆனால் அந்த நேரம் முழுக் கோப்பையும் ஒருமுறை படித்து முடிக்கும் நேரமாக இருந்ததால், வரலாறு வளர வளர, நேற்று எழுதிய பதிப்பை எடுப்பதும் மெதுவாகிக்கொண்டே போயிற்று. பர்டூ பல்கலைக்கழகத்தின் வால்டர் டிச்சி 1980களின் தொடக்கத்தில் ஆர்சிஎஸ் என்னும் மென்பொருளை வடிவமைத்தபோது, மக்கள் பெரும்பாலும் கேட்பது அண்மைப் பதிப்பையே என்ற எளிய உண்மையை அடித்தளமாகக் கொண்டார். அதன்படி அண்மைப் பதிப்பு முழுமையாக வைக்கப்பட்டது. அதிலிருந்து முந்தைய பதிப்பை அடைய என்னென்ன மாற்ற வேண்டும் என்ற குறிப்புகள், அதாவது டெல்டா எனப்படும் வேறுபாடுகள், பின்னோக்கிய வரிசையில் சேர்க்கப்பட்டன. புதியதை எடுப்பது நொடிப்பொழுதாயிற்று; பழையதைத் தேடுபவர் மட்டும் காத்திருந்தார். கிளை, அதாவது மூல ஓட்டத்திலிருந்து பிரிந்து தனியே வளரும் வரலாறு, இந்த அமைப்பில் இரட்டைச் சுமையாயிற்று: பிரிந்த புள்ளி வரை பின்னோக்கி நடந்து, அங்கிருந்து கிளையின் நுனி வரை முன்னோக்கி நடக்க வேண்டியிருந்தது.

ஆர்சிஎஸ் கோப்புகளைத் தொகுத்து, பலர் ஒரே நேரத்தில் பணியாற்ற வழிசெய்த சிவிஎஸ், டிக் க்ரூன் 1986இல் எழுதிய சிறு கட்டளைத் தொகுப்பிலிருந்து வளர்ந்து 1990களின் திறமூல உலகை ஆண்டது. அதன் பெருங்குறை, களஞ்சியம் முழுவதற்கும் பொதுவான வரலாறு என்ற ஒன்று அதற்கு இல்லாததே. ஒரு வெளியீட்டுக்கு அடையாளப் பெயரிடும்போது, அந்தப் பெயரை ஒவ்வொரு கோப்பின் வரலாற்றிலும் தனித்தனியே எழுத வேண்டும். பல்லாயிரம் கோப்புகள் கொண்ட திட்டத்தில் ஒரு பெயரிடலுக்கே வழங்கியின் வட்டு நெடுநேரம் உழன்றது. சி மொழி உள்ளிட்ட பல மொழிகளுக்கான ஜிசிசி தொகுப்பி 2005 அக்டோபரில் சிவிஎஸ்ஸை விட்டு விலகியதற்கு இத்தகைய இடர்ப்பாடுகள் காரணமாயின. ஆயினும் சிவிஎஸ் செத்துவிடவில்லை. பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் இன்னும் அதிலேயே பராமரிக்கப்படுகிறது. வேகம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சிவிஎஸ்ஸின் குறைகளைக் களைவதற்கென்றே கொலாப்நெட் நிறுவனம் 2000இல் தொடங்கிய சப்வெர்ஷனின் முதல் நிலைப் பதிப்பு 2004 பிப்ரவரியில் வெளிவந்தது. இதில் எண் பெறுவது தனிக் கோப்பன்று, களஞ்சியம் முழுவதும். பெயரிடுவதும் கிளை பிரிப்பதும் கோப்புறையை நகலெடுப்பதாகவே நடக்கின்றன. அந்த நகலும் மெய்யான நகலன்று, பழைய இடத்தைச் சுட்டும் ஒரு குறிப்பு மட்டுமே என்பதால், பத்துக் கோப்புகள் கொண்ட திட்டத்துக்கும் லட்சம் கோப்புகள் கொண்ட திட்டத்துக்கும் பெயரிடும் நேரம் ஒன்றாகவே இருக்கிறது.

சப்வெர்ஷன் வழங்கியின் உள்ளே இருக்கும் ஒரு கணித உத்தி தனியே கவனிக்கத்தக்கது. ஒரு கோப்பு ஐம்பத்து நான்கு முறை மாறியிருக்கிறது என்று கொண்டால், ஒவ்வொரு பதிப்பும் தனக்கு முந்தையதன் வேறுபாடாக வைக்கப்பட்டிருக்குமானால் கடைசிப் பதிப்பை எழுப்ப ஐம்பத்து நான்கு வேறுபாடுகளை அடுக்கடுக்காகச் சேர்க்க வேண்டும். சப்வெர்ஷன் அவ்வாறு செய்வதில்லை. அது 54 என்ற எண்ணை 0, 1 ஆகிய இரண்டு இலக்கங்களால் ஆன இரும எண்ணாக, அதாவது 110110 என்று எழுதி, அதில் கடைசியாக வரும் 1ஐ அழிக்கிறது, கிடைப்பது 52. ஆகவே 54ஆம் பதிப்பு 52இன் வேறுபாடாக வைக்கப்படுகிறது. அதே விதியின்படி 52 என்பது 48இன் வேறுபாடு, 48 என்பது 32இன் வேறுபாடு, 32 என்பது தொடக்கத்தின் வேறுபாடு. ஐம்பத்து நான்கு படிகள் நான்காகச் சுருங்கிவிடுகின்றன; ஆயிரம் மாற்றம் கண்ட கோப்புக்கும் பத்துப் படிகளுக்கு மேல் தேவைப்படுவதில்லை. தாவு வேறுபாடு எனத் தமிழில் சொல்லத்தக்க இந்த முறைக்கும் விலை உண்டு: 32க்கும் தொடக்கத்துக்கும் இடையிலான வேறுபாடு, 32க்கும் 31க்கும் இடையிலான வேறுபாட்டைவிடப் பெரியது என்பதால் வட்டில் கூடுதல் இடம் போகிறது. படிப்பவரின் நேரத்தை வட்டின் இடத்தைக் கொடுத்து வாங்கிய பேரம் இது. வட்டு மலிந்துகொண்டே வந்த காலத்தில் நல்ல பேரமும்கூட.

ஆனால் சப்வெர்ஷனில் வரலாறு வழங்கியில் மட்டுமே இருக்கிறது. பழைய பதிவுகளைப் பட்டியலிடுவது, இரண்டு பதிப்புகளை ஒப்பிடுவது, ஒவ்வொரு வரியையும் எழுதியவர் யார் என்று துருவுவது என எல்லாவற்றுக்கும் வழங்கியின் கதவைத் தட்டியே ஆகவேண்டும். சிறு கோரிக்கைகள், ஆனால் ஓயாத கோரிக்கைகள். இந்த நிலையில் பயனரின் காத்திருப்பைத் தீர்மானிப்பது வழங்கியின் கணக்கிடும் திறனைவிட, ஒரு கேள்வி சென்று விடை திரும்பும் வலையமைப்புத் தாமதமே. அப்பாச்சி வலைவழங்கியின் வழியே இயங்கும் சப்வெர்ஷன், தனக்கென அமைந்த எஸ்விஎன்-சர்வ் வழியே இயங்குவதைவிட மெதுவாக இருந்ததற்கும், 2011இல் வந்த 1.7 பதிப்பில் உரையாடலின் சுற்றுகளைக் குறைத்ததும் நிலைமை மேம்பட்டதற்கும் காரணம் இதுவே.

அந்த உரையாடலையே அறுத்தெறியும் யோசனை 2005 ஏப்ரலில் வலுப்பெற்றது. லினக்ஸ் கருநிரலின் வளர்ச்சிக்கு 2002 முதல் பயன்பட்டு வந்த பிட்கீப்பர் என்னும் வணிக மென்பொருளின் இலவச உரிமம் அந்த மாதம் நிறுத்தப்பட, லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். ஒரு திருத்தத்தை ஏற்றுப் பதிய முப்பது விநாடி எடுக்கும் மென்பொருளைக் கொண்டு, ஒரே நேரத்தில் இருநூற்றைம்பது திருத்தங்களைச் சேர்க்க வேண்டிய கருநிரல் பணியை நடத்த முடியாது என்பது அவர் கணக்கு. மூன்று விநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்று வரம்பு வகுத்துக்கொண்டார். அதே மாதம் 29ஆம் தேதி நடந்த சோதனையில் கிட் விநாடிக்கு 6.7 திருத்தங்களைப் பதிந்தது. அதே ஏப்ரலில், அதே வெற்றிடத்தை நிரப்புவதற்காக மெர்க்குரியலும் அறிவிக்கப்பட்டது. இரண்டும் பரவல் முறை மென்பொருள்கள்: களஞ்சியத்தை முதன்முறை எடுக்கும் குளோன் என்னும் செயலின்போதே வரலாறு முழுவதும் பயனரின் கணினிக்கு வந்துவிடுவதால், அதன்பின் பட்டியலிடவும் ஒப்பிடவும் துருவவும் வழங்கியின் உதவி தேவையில்லை.

வழங்கியின் சுமை இதனால் குறைந்ததா? எண்ணிக்கையில் குறைந்தது, எடையில் கூடியது. ஆயிரம் சிறு கேள்விகளுக்குப் பதிலாக ஒரு பெருங்கேள்வி வந்து நிற்கிறது. கிட் ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும், ஒவ்வொரு கோப்புறையின் பட்டியலையும், ஒவ்வொரு கமிட்டையும் ஒரு பொருளாக வைத்து, அதன் உள்ளடக்கத்திலிருந்தே ஷா-1 என்னும் கணக்கீட்டின் மூலம் நாற்பது எழுத்து முகவரியைப் பெறுகிறது. இந்தப் பொருள்கள் முதலில் தனித்தனிக் கோப்புகளாகவும், பின்னர் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டு வேறுபாடுகளாகச் சுருக்கப்பட்ட பொதிகளாகவும் சேமிக்கப்படுகின்றன. குளோன் கேட்டு ஒருவர் வந்ததும், வழங்கி முதலில் அவருக்கு எந்தெந்தப் பொருள்கள் போய்ச் சேர வேண்டும் என்று எண்ண வேண்டும். அதற்குக் கிளைகளின் நுனியிலுள்ள கமிட்டில் தொடங்கி, அதன் கோப்புறைப் பட்டியல், அதற்குள் உள்ள பட்டியல்கள், கோப்புகள், பிறகு முந்தைய கமிட், அதன் பட்டியல்கள் என்று வரலாற்றின் வேர்வரை நடக்க வேண்டும். லினக்ஸ் கருநிரலில் அந்தப் பொருள்கள் பல பத்து லட்சம். குளோன் செய்வோர் திரையில் பொருள்கள் எண்ணப்படுவதாக வரும் அறிவிப்பு, வழங்கியின் சிபியு, அதாவது மையச் செயற்பகுதி, இந்த நடையை நடந்துகொண்டிருப்பதைக் குறிக்கிறது. அடுத்து வரும் ஒருவர் அதே களஞ்சியத்தைக் கேட்டாலும் அதே நடை மறுபடி தொடக்கத்திலிருந்து.

கூகுளில் ஷான் பியர்ஸ் முதலியோர் ஜாவா மொழியில் வளர்த்த ஜேகிட் என்னும் வடிவத்தில் இதற்கு ஒரு தீர்வு பிறந்து, 2014இல் கிட் 2.0 பதிப்பின் வழியே பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு பொதியில் உள்ள எல்லாப் பொருள்களையும் வரிசைப்படுத்தி, குறிப்பிட்ட கமிட் ஒன்றிலிருந்து அடையக்கூடிய பொருளின் இடத்தில் 1 என்றும் அடைய முடியாததன் இடத்தில் 0 என்றும் எழுதினால், அந்தக் கமிட்டின் வரலாறு முழுவதும் ஒற்றை நீண்ட எண்ணாகிவிடுகிறது. பயனருக்கு வேண்டியவற்றின் எண்ணிலிருந்து அவரிடம் ஏற்கனவே இருப்பவற்றின் எண்ணை நீக்கினால் அனுப்ப வேண்டியவை எவை என்ற விடை உடனே கிடைக்கிறது. வரலாற்றின் ஊடே நடக்க வேண்டியதில்லை. பிட்மேப் எனப்படும் இந்த அட்டவணையை முன்கூட்டியே தயாரித்து வைப்பதற்குத் தனியே உழைப்பு தேவை என்பது உண்மைதான். ஆனால் அதை வழங்கி ஓய்ந்திருக்கும் நள்ளிரவில் ஒருமுறை செய்துகொள்ளலாம். இந்த ஓர் அட்டவணை இருக்கும் கிட் வழங்கிக்கும் இல்லாத கிட் வழங்கிக்கும் குளோன் வேகத்தில் உள்ள இடைவெளி, இரு வேறு மென்பொருள்களுக்கு இடையே உள்ளதைப் போன்றது. ஒப்பீட்டு அட்டவணைகள் இதைச் சொல்வதே இல்லை.

மெர்க்குரியலின் போக்கு வேறு. அது ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவேடு வைத்து, புதிய மாற்றத்தை அதன் இறுதியில் வேறுபாடாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. வேறுபாடுகளின் சங்கிலி நீண்டுவிட்டது என்று கண்டால் அந்த இடத்தில் ஒரு முழுப் பிரதியை வைத்துவிட்டு அங்கிருந்து மறுபடி தொடங்குகிறது. பதிவு நடக்கும் அந்தக் கணத்திலேயே ஒழுங்குபடுத்தலும் முடிந்துவிடுவதால் பின்னர் மொத்தமாகத் துப்புரவு செய்யத் தேவையில்லை. கிட் அதற்கு நேர்மாறாக, கையில் வந்ததை வந்த இடத்தில் போட்டுவிட்டு வேகமாக அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. தனிப் பொருள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 6,700ஐத் தாண்டும்போது, அல்லது நிர்வாகி கட்டளையிடும்போது, அனைத்தையும் திரட்டிப் பொதியாக்குகிறது. தினமும் வீடு பெருக்குபவருக்கும் போகிப் பண்டிகைக்கு மட்டும் ஒழிப்பவருக்கும் உள்ள வேறுபாடு இது. போகிக்கு மறுநாள் இரு வீடுகளையும் பார்ப்பவர் ஒருவிதமாகவும், முந்தைய நாள் பார்ப்பவர் வேறுவிதமாகவும் தீர்ப்புச் சொல்வார். பொதியாக்கப்படாத கிட் களஞ்சியத்தை வைத்துக்கொண்டு செய்யப்படும் சோதனைகளும் அப்படிப்பட்டவையே.

சுமை எந்தத் தோளில் இறங்குகிறது என்பதைப் பயனர் அறியாமல் இருப்பதன் விளைவை 2016இல் நடந்த ஒரு நிகழ்வு காட்டிற்று. ஆப்பிள் கருவிகளுக்கான நிரல் தொகுப்புகளை நிர்வகிக்கும் கோகோபாட்ஸ் என்னும் மென்பொருள், தன் பட்டியல் களஞ்சியத்தை கிட்ஹப் தளத்தில் வைத்திருந்தது. பயனர்கள் நீண்ட வரலாற்றை இறக்க வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில், அண்மைக் கமிட்டை மட்டும் எடுக்கும் ஆழமற்ற குளோன் முறையை அது கையாண்டது. முதன்முறை இறக்கும்போது அது சிக்கனமே. ஆனால் பிற்பாடு ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும், அரைகுறை வரலாறு கொண்ட அந்தக் கணினியிடம் எது இருக்கிறது, எது இல்லை என்பதை வழங்கி புதிதாகக் கணக்கிட வேண்டியிருந்தது. முன்தயாரித்த அட்டவணைகள் அதற்கு உதவவில்லை. போதாததற்கு, அக்களஞ்சியத்தில் ஒரே கோப்புறைக்குள் 16,000க்கும் மேற்பட்ட உட்கோப்புறைகள் இருந்தமையால், ஒவ்வொரு கமிட்டுக்கும் அத்தனை பெயர்களும் அடங்கிய பட்டியல் புதிதாக உருவாக, அவற்றை எல்லாம் வழங்கி பிரித்துப் பார்க்க நேர்ந்தது. கிட்ஹப் பொறியாளர்கள் இதைப் பொதுவெளியில் விளக்கிய பின், ஆழமற்ற குளோன் கைவிடப்பட்டது. கோப்புறைகளும் பல அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டன. முழு வரலாற்றைக் கொடுப்பது வழங்கிக்கு மலிவு, துண்டைக் கொடுப்பது செலவு என்ற இந்த முரண்பாடு, கடையில் மூட்டையாக விற்பதற்கும் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுப்பதற்கும் உள்ள உழைப்பு வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது.

மைய வழங்கியை விடாமல் பிடித்துக்கொண்டு மிகப் பெரிதாக வளர்ந்தவர்களின் அனுபவமும் இங்கே தேவைப்படுகிறது. கூகுள் பத்தாண்டுக்கு மேல் தன் நிரலின் பெரும்பகுதியைப் பெர்ஃபோர்ஸ் மென்பொருளின் ஒரே வழங்கியில் வைத்திருந்தது. 2011அளவில் அந்த ஒரு கணினி 12,000க்கும் மேற்பட்ட பயனர்களுக்கும், நாளொன்றுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட கட்டளைகளுக்கும் ஈடுகொடுத்தது. பெர்ஃபோர்ஸின் தனித்தன்மை, ஒவ்வொரு பயனரின் கணினியிலும் எந்தக் கோப்பின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதையும் வழங்கியே குறித்துவைத்திருப்பது. இதனால் பயனரின் கணினி எதையும் ஒப்பிட்டுத் திணறாமல் இருக்க, வழங்கியின் தரவுத்தளம் வீங்கியது. அங்கே தடையாக நின்றது சிபியுவும் அன்று, வட்டும் அன்று, பூட்டு. ஒரு கட்டளை ஓர் அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று அதில் எழுதக்கூடாது என்பதற்காகப் போடப்படும் பூட்டு, யாரோ ஒருவர் கவனமின்றிக் கேட்ட அகன்ற கேள்வி ஒன்றால் நெடுநேரம் விலகாமல் நின்றால், பின்னால் வரும் அனைவரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பெர்ஃபோர்ஸ் தனது 2013.3 பதிப்பில் பூட்டின்றிப் படிக்கும் வழியைக் கொண்டுவந்தது. கூகுளோ பைப்பர் என்னும் சொந்த அமைப்புக்கு மாறிற்று. 2016இல் அந்நிறுவனம் வெளியிட்ட விவரப்படி அதில் நூறு கோடிக் கோப்புகளும் மூன்றரைக் கோடிக் கமிட்டுகளும் 86 டெராபைட் தரவும் இருந்தன. சராசரியாக விநாடிக்கு ஐந்து லட்சமும் உச்சநேரத்தில் எட்டு லட்சமும் கோரிக்கைகள் வந்தன. அது ஒரு கணினியன்று. பத்துத் தரவு மையங்களில் பரவியது.

ஃபேஸ்புக்கும் மைக்ரோசாஃப்டும் எதிர்த்திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2012இல், தங்கள் களஞ்சியம் வளரும் வேகத்தைக் கணித்து, பதின்மூன்று லட்சம் கோப்புகளும் நாற்பது லட்சம் கமிட்டுகளும் கொண்ட செயற்கைக் களஞ்சியம் ஒன்றை உருவாக்கிச் சோதித்தபோது கிட் திணறியது. வழங்கியில் அன்று, பயனரின் கணினியில். எந்தக் கோப்பு மாறியது என்று அறிய எல்லாக் கோப்புகளையும் தட்டிப் பார்க்க வேண்டியிருந்ததே காரணம். அந்நிறுவனம் மெர்க்குரியலைத் தேர்ந்து, கோப்புகளின் வரலாற்றைக் கேட்டபோது மட்டும் வழங்கியிலிருந்து எடுத்துவரும் நீட்சியை எழுதி, குளோன் வேகத்தைப் பத்து மடங்காக்கியதாக 2014இல் அறிவித்தது. விண்டோஸ் இயங்குதளத்தின் நிரலை 2017இல் கிட்டுக்கு மாற்றிய மைக்ரோசாஃப்டின் நிலையும் இதுவே: முப்பத்தைந்து லட்சம் கோப்புகள், ஏறத்தாழ 300 கிகாபைட், நாலாயிரம் பொறியாளர்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்த குளோன், கோப்புகளைத் திறக்கும்போது மட்டும் வழங்கியிடமிருந்து வரவழைக்கும் மெய்நிகர்க் கோப்பு முறையால் சில நிமிடங்களாகக் குறைந்தது. இரண்டு தீர்வுகளிலும் வரலாறு மறுபடி வழங்கிக்கே போய்விட்டதைக் கவனிக்க வேண்டும். 2005இல் பயனரின் தோளுக்கு மாற்றிய சுமையை, பாரம் தாங்காமல், பன்னிரண்டு ஆண்டுகளில் திருப்பி ஏற்றிவிட்டார்கள்.

உருவாக்கப்படும் பொருள் நிரலாக இல்லாமல் படம், ஒலி, முப்பரிமாண உருவம் என்றிருந்தால் கணக்கு அடியோடு மாறும். இத்தகைய கோப்புகளில் சிறு திருத்தமும் முழு உள்ளடக்கத்தையே கலைத்துவிடுவதால் வேறுபாடாகச் சுருக்க முடிவதில்லை. எல்லாப் பழைய பிரதிகளையும் ஒவ்வொரு பயனருக்கும் அனுப்பும் கிட்டின் முறை இங்கே வீண். விளையாட்டு மென்பொருள் நிறுவனங்கள் இன்றும் பெர்ஃபோர்ஸை நாடுவது இதனாலேயே.

ஆகவே நேர்மையான ஒப்பீட்டுக்குச் சில ஒழுங்குகள் வேண்டும். எல்லா மென்பொருள்களுக்கும் ஒரே வரலாறு கொடுக்கப்பட வேண்டும். கருநிரல் போன்ற மெய்யான வரலாறு ஒன்றை மாற்றித் தருவதே சிறந்தது, ஏனெனில் எழுந்தமான எழுத்துகளால் நிரப்பிய செயற்கைக் கோப்புகள் வேறுபாட்டுச் சுருக்கத்தை ஏமாற்றிவிடும். களஞ்சியம் பொதியாக்கப்பட்ட நிலையில் இருக்கிறதா என்பது குறிக்கப்பட வேண்டும். வழங்கியை இயக்கிய உடன் முதன்முறை படிக்கும்போது தரவு வட்டிலிருந்து வருகிறது. இரண்டாம் முறை இயங்குதளம் அதை நினைவகத்திலேயே வைத்திருந்து தருகிறது. இந்த இரண்டு நேரங்களையும் கலந்து சராசரி எடுத்தால் இரண்டையும் குறிக்காத ஓர் எண் கிடைக்கும். ஒரே மேசையில் இரு கணினிகளை இணைத்து அளப்பது, கடல் கடந்து இருக்கும் வழங்கியைப் பற்றி எதுவும் சொல்லாது. சப்வெர்ஷனைப் போலச் சுற்றுச்சுற்றாக உரையாடும் மென்பொருளின் குணம் தாமதத்தைச் செயற்கையாகக் கூட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியொரு பயனர் தனியாகக் கேட்கும்போது ஆகும் நேரம் வழங்கியின் திறனைக் காட்டாது. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் குளோன் கேட்கும்போது நினைவகம் எவ்வளவு போகிறது, சிபியு எத்தனை விநாடி உழைக்கிறது, அவர்களுள் கடைசியாக விடை பெற்றவர் எவ்வளவு காத்திருந்தார் என்பவையே வழங்கியை வாங்குவோருக்கு வேண்டிய எண்கள்.

இவ்வளவு ஒழுங்கோடு செய்த ஒப்பீட்டுக்கும் ஆயுள் குறைவு. கூகுள் தன் பொதுத் திட்டங்களுக்கான தளத்தில் பரவல் முறை மென்பொருள் ஒன்றைச் சேர்க்க 2008இல் கிட்டையும் மெர்க்குரியலையும் ஆராய்ந்தபோது, மெர்க்குரியலையே தேர்ந்தது. வலைத்தளங்களுக்குரிய எச்டிடிபி நெறிமுறையின் மேல் மெர்க்குரியல் நன்றாக இயங்கியதும், அன்றைய கிட் அதே நெறிமுறையில் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவரும் மந்தமான முறையில் இருந்ததும் முக்கியக் காரணம். 2009 இறுதியில் வந்த கிட் 1.6.6 பதிப்பு அந்தக் குறையை நீக்கிவிட்டது. 2011இல் கூகுள் தளத்தில் கிட்டும் இடம்பெற்றது. ஆய்வு தவறன்று, ஆய்வுக்கு உட்பட்ட பொருள் நகர்ந்துவிட்டது. பழைய அட்டவணைகளை மேற்கோள் காட்டும் பழக்கம் இத்துறையில் இன்னும் நீங்கவில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில நூறு மெகாபைட் நிரலும் முப்பது நாற்பது பொறியாளர்களும் கொண்ட சாதாரண அலுவலகத்துக்கு மேற்சொன்ன மென்பொருள்கள் எல்லாமே போதுமான வேகமுடையவை. அங்கே வழங்கி திணறுமானால் பெரும்பாலும் அதற்குக் காரணம் மனிதர்கள் அல்லர். ஒவ்வொரு கமிட்டுக்கும் மென்பொருளைத் தொகுத்துச் சோதிக்கும் தானியங்கிக் கணினிகள், முந்தைய பிரதியைத் தூக்கியெறிந்துவிட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் குளோன் கேட்பதுதான். எனவே வழங்கி மெதுவாக இருக்கிறது என்ற புகார் வந்ததும் மென்பொருளை மாற்றப் புறப்படுவதற்கு முன், நிர்வாகிகள் அதன் அணுகல் பதிவேட்டைத் திறந்து, வந்த கோரிக்கைகளில் எத்தனை மனிதருடையவை, எத்தனை இயந்திரங்களுடையவை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.